ஓதின தேன்

மின்ஹா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கியபோது எல்லாரும் அதை வெட்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். பெண் பிள்ளை, நாலு வயது, வெட்கம் வருவது நல்லதுதான் என்று எதிர்வீட்டு ஜவுபரின் மனைவி சொன்னாள். எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வரும் எந்தக் குறையையும் முதலில் வெட்கம் என்று பாராட்டிவிட்டுத்தான் பிறகு விசாரிப்பார்கள்.

உண்மை தெரிந்தவள் பஹ்மிதா ஒருத்திதான். பிள்ளையின் உம்மா. அந்தக் கையை எடுத்து அந்த வாயில் வைத்தவளே அவள்தான்.

நிந்தவூரில் பெரிய வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவளுடைய வீடு. முன்னால் பஸ் சத்தம், பின்னால் அலைச் சத்தம். கடல் ஊருக்குள் வந்த வருஷம் அவளுடைய உம்மா அதோடு போனாள். அப்போது பஹ்மிதாவுக்கு எட்டு வயது, தங்கச்சி றுஸ்னா பால்குடி. வாப்பா இரண்டு பேரையும் வளர்த்து, மூத்தவளைக் கட்டிக்கொடுத்து, நாலு வருஷத்துக்கு முன் மௌத்தானார். அதிலிருந்து றுஸ்னாவுக்கு உம்மாவும் வாப்பாவும் பஹ்மிதாதான். அவளுடைய கணவன் றவூப் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறவன். மாரி வெள்ளாமை விளைந்துவிட்டால் சம்மாந்துறைப் பக்கத்து வயல்களில் தொடங்கி, பொலன்னறுவை வரைக்கும் மெசினோடு போய், தலையெல்லாம் வைக்கோல் தூசியாக ஒன்றரை மாதம் கழித்துத்தான் வருவான்.

அவன் இல்லாத நாட்களிலும் இருக்கிற நாட்களிலும் வீட்டை இழுத்துக்கொண்டு போவது இடியப்பம். சந்தியில் உள்ள இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் காலை ஆறரைக்குள் நானூறு இடியப்பம் போய்ச் சேரவேண்டும். சுபஹு பாங்குக்கு முந்தியே பஹ்மிதா எழும்பிவிடுவாள். வறுத்த மாவைக் கொதிதண்ணீர் விட்டுக் குழைக்கவேண்டும், சூடு ஆறுமுன் உரலில் அடைத்துப் பிழியவேண்டும், தட்டுகளை அடுக்கி ஆவியில் ஏற்றவேண்டும், வெந்ததை இறக்கி ஓலைப் பெட்டியில் கொட்டவேண்டும். உரலை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கிப் போயிருந்தது. றுஸ்னா தட்டுக்கு எண்ணெய் தடவிக் கொடுப்பாள். அடுப்படியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது, அவ்வளவு ஆவி. அதற்குள் நடை பழகிய பிள்ளை ஒன்று திரிந்தால் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மின்ஹாவோ பக்கத்தில் உம்மாவின் உடம்புச் சூடு போன உடனேயே முழித்துவிடும் பிள்ளை. ஒன்றரை வயதில் அவள் எழும்பி அழுதால் ஒழுங்கையே எழும்பும். பயந்த கோளாறு என்று ஆளாளுக்குச் சொல்ல, பஹ்மிதா அவளைப் பள்ளியடியில் இருக்கும் கச்சிமுகம்மது லெப்பையிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் நல்ல மனிதர். ஓதிப் பார்ப்பதற்குக் கை நீட்டி எதுவும் வாங்கமாட்டார். சின்னப் போத்தல் ஒன்றில் தேன் எடுத்துவரச் சொல்லி, ஓதி, மூன்று தரம் ஊதிக் கொடுத்தார்.

"படுக்கக்குள்ள ஒரு விரல் தொட்டு நாக்குல வெய்ங்க மகள். ஏழு நாளைக்கு. அல்லாஹ் சுகமாக்கித் தருவான்."

ஏழு நாளும் பிள்ளை அசையாமல் தூங்கினாள். எட்டாம் நாள் தேன் வைக்கவில்லை. அன்று பஹ்மிதா உரலை அழுத்திக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஏதோ உரசியது. திரும்பினால், மின்ஹா கொதிக்கிற பானைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு கண்ணைக் கசக்குகிறாள். பஹ்மிதா உரலைப் போட்டுவிட்டு அவளை வாரித் தூக்கினாள். அன்றிலிருந்து மறுபடி தேன். படுக்கும்போது ஒரு விரல். அடுப்படிக்கு எழும்பும்போது, தூக்கத்திலேயே உதட்டைப் பிரித்து, இன்னொரு விரல்.

போத்தல் அடிக்கு வந்தபோது அவள் கடைத் தேனை வாங்கி அதிலேயே ஊற்றினாள். எங்கள் பெண்கள் ஓதின பொருளை முடியவிடுவதில்லை. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் தந்த ஸம்ஸம் தண்ணீரில் கடைசி மிடறு கிடக்கும்போதே கிணற்றுத் தண்ணீரை வார்த்து நிரப்பி வைப்பார்கள். அடியில் கிடக்கிற பறக்கத்து, அந்த அருள், மேலே வார்த்ததற்கும் ஏறிக்கொள்ளும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அப்படியே ஏழு நாள் தேன் மூன்று வருஷம் முடியாமல் கிடந்தது. மேலே ஊற்றியதில் எத்தனை பங்கு தேன், எத்தனை பங்கு சீனிப்பாணி என்பது விற்ற கடைக்காரனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஓதினதைத் துப்பக்கூடாது. வாய் கொப்பளித்தால் அது சாக்கடைக் கானுக்குள் போய்விடும், குற்றமாகிவிடும். ஆகவே பல் தீட்டுவதெல்லாம் தேனுக்கு முன்னால். தேன் வைத்தபிறகு ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. லெப்பை இதைச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்குப் பயந்த ஒரு பெண் தன் பாட்டில் யோசித்து வைத்துக்கொண்ட சட்டம் அது.

வாய் மணம் எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் திட்டமாகத் தெரியாது. போன நோன்புப் பெருநாள் காலையில் புதுச் சட்டையோடு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஈத் முபாறக் உம்மா" என்று பிள்ளை சொன்னபோது பஹ்மிதாவின் முகம் தானாகத் திரும்பிவிட்டது. அவள் வேண்டுமென்று திருப்பவில்லை. மீன் கழுவிய தண்ணீரை ஒரு நாள் மூடி வைத்துத் திறந்தால் வருமே, அந்த மணம். அடுப்பைப் பார்க்கிறவள்போல் சமாளித்தாள். பிள்ளை மட்டும் கழுத்தில் கட்டிய கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

வயிற்றுப் பூச்சி என்றார்கள், பூச்சிக் குளிசை கொடுத்தாள். வயிற்றுச் சூடு என்றார்கள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். முன்பற்களின் ஓரம் முதலில் மண்நிறமாகி, பிறகு கறுத்தபோது, "பால் பல்லுதானே கா, விழுந்தா முளைக்கும்" என்றாள் ஜவுபரின் மனைவி. எல்லாம் செய்தாள். படுக்கும்போது தேனையும் வைத்தாள். நோய் வந்த பிள்ளைக்கு ஓதினதை நிறுத்துவது எந்த உம்மாவாலும் முடியாத காரியம்.

பெருநாள் கழிந்த மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வலீமா விருந்து. பெண்கள் பக்கம் விரித்த பாயில் சஹனைச் சுற்றி ஆறாறு பேராக இருந்தார்கள். ஆறு கை ஒரு தட்டில் இறங்குகிற சாப்பாடு அது. பஹ்மிதா மின்ஹாவை மடியில் வைத்துக்கொண்டு ஆறாவது ஆளாக இருந்தாள். நடுவில் கோழிப் பொரியலும் கத்தரிக்காய்ப் பிரட்டலும். பிள்ளை தட்டின்மேல் குனிந்து, "உம்மா, எனக்கு அந்தக் கால்" என்று கேட்டாள்.

எதிரே இருந்த அம்பாறை வீதிக்காரி கையை எடுத்துவிட்டாள்.

"இந்தப் புள்ளட வாய் என்ன கா இப்பிடி மணக்கிது?"

"வயித்துக் கோளாறு" என்றாள் பஹ்மிதா.

"அதுக்குச் சஹன்லயா வெச்சிச் சோறு தீத்துற? வேற கோப்பையில போட்டுக் குடுங்க."

ஒருத்தி கோப்பை எடுத்துவர எழும்பினாள். மற்றவர்கள் பிள்ளை குனிந்த பக்கத்துச் சோற்றைத் தொடாமல் தங்கள் தங்கள் பக்கத்தில் மெல்லத் தின்றார்கள். பஹ்மிதா கோப்பை வரும்வரை காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மதிலோரம் நின்று, முகத்துக்கு நேரே குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஆக்களுக்கு முன்னால வாயத் தொறக்கப்படா மகள். சிரிப்பு வந்தா இப்பிடிக் கையால பொத்துங்க. வெளங்கினயா?"

மின்ஹா தலையாட்டினாள். அவள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அதுதான் வினையாகிப் போனது.

மொன்டசூரியில் பாட்டுப் பாடும்போது உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு அதையும் விட்டாள். கேட்டதற்குத் தலையாட்டினாள். வாயைத் திறந்து அவள் பேசியது வீட்டில் கொஞ்சம், மிச்சமெல்லாம் போனில். வாப்பா வீடியோவில் வந்தால் திரைக்கு முன்னால் பல் முழுக்கத் தெரியச் சிரிப்பாள், கத்துவாள், பாடுவாள். போனுக்கு மணம் தெரியாது என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

"பல்லு ஏன் கறுப்பாக் கிடக்கு? சொக்லட் திண்டயா?" என்பான் றவூப், மெசின் நிழலில் இருந்துகொண்டு.

"இல்ல வாப்பா."

"பொய். வாப்பா வரக்குள்ள சாமான் ஒண்டும் இல்ல உங்களுக்கு."

அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். பஹ்மிதா போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள், முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக வைத்து.

இப்படியிருக்கும்போதுதான் றுஸ்னாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றிஸ்கான், கல்முனையில் மருந்துக் கடை ஒன்றில் வேலை. நல்ல பையன் என்று நாலு பேர் சொன்னார்கள். நோன்புக்கு முந்திப் பேச்சை முடித்துவிட வேண்டும், மாப்பிள்ளையின் தாயும் தாயின் தங்கச்சியான சாச்சியும் சனிக்கிழமைப் பின்னேரம் அஸருக்குப் பிறகு பெண்ணைப் பார்க்க வருவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் வீடு கழுவினார்கள். சட்டியில் வட்டிலப்பம் அவிந்துகொண்டிருந்தது. றுஸ்னா ஜன்னல் சீலையை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"றாத்தா, மின்ஹாவ என்ன செய்ற?"

பஹ்மிதா அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஜவுபர் காக்காட வீட்ட விடலாமா?" என்று கேட்டாள்.

"அவர்ட பொஞ்சாதிக்கிட்ட விட்டா ஊருக்கே கத போகும்."

"அப்ப என்னத்தச் செய்ய? அவ ஆக்கள் வந்தா மடியில ஏறிக் குந்துற புள்ள. வாயப் பொத்திட்டு இரிந்தாலும் மணக்கிதுதானே. பரம்பர நோயிண்டு நெனச்சா?"

"சின்னப் புள்ள றாத்தா."

"சின்னப் புள்ளதான். உண்ட வாழ்க்கையும் ஒண்டுதான். உம்மா இரிந்தா அவ பாப்பா. இப்ப நான்தானே பாக்கணும்."

றுஸ்னா சீலையை மறுபடி இழுத்து நேராக்கினாள். தன் கல்யாணம் என்பதால் அவளுக்குப் பேசவும் வாய் வரவில்லை, பேசாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பஹ்மிதா பிள்ளையைப் பின்னாலுள்ள சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். மா மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்து, தலையணை வைத்து, பொம்மையையும் வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பகலில் தேன் போத்தல் திறந்தது. ஒரு விரலுக்கு இரண்டு விரல்.

"ஆக்கள் வந்திட்டுப் போற வரைக்கும் மகள் இஞ்ச படுத்திரிக்கணும். சத்தம் போடப்படா. உம்மா வந்து தொறப்பன்."

மின்ஹா தலையாட்டினாள். கதவுக்கு வெளியே கொளுக்கி விழுந்த சத்தம் கேட்டபோது அவள் பொம்மையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மெலிந்த பெண், அதிகம் பேசாதவள். சாச்சிதான் பேசினாள். தடித்த உடம்பு, எதையும் இரண்டு தரம் பார்க்கிற கண். றுஸ்னா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று பஹ்மிதா அல்லாஹ்வைப் புகழ்ந்தாள்.

"வட்டிலப்பம் நல்லா இரிக்கி. ஆரு காச்சின?"

"தங்கச்சிதான் மாமி."

"வீடும் துப்பரவு. பின்னுக்கு எத்தின அறை?"

"ரெண்டு. ஒண்டு சாமான் அறை."

"உங்களுக்கு ஒரு புள்ள இரிக்கிண்டாங்க. எங்க?"

"தூங்குறா."

"இந்த நேரத்துலயா? அஸருக்குப் பொறகு தூங்கினா விடியும் வரைக்கும் முழிச்சிரிப்பாளே."

"காச்சல் கொணம் மாமி. அதான்."

சாச்சி வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டு பின்பக்கத்து வழியை ஒரு தரம் பார்த்தாள். வெளியே கொளுக்கி போட்ட அந்தக் கதவு, இருந்த இடத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது. பஹ்மிதா வட்டிலப்பத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு அழுகை, ஒரு இருமல், பொம்மை விழுகிற சத்தம்கூட இல்லை. எப்போது போவார்கள் என்று அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய, மஃரிபுக்குச் சற்று முன் எழும்பினார்கள். தாய் றுஸ்னாவின் தலையைத் தடவி முத்தமிட்டாள். அது நல்ல அடையாளம். கேற்றடியில் சாச்சி மட்டும் பின்தங்கி நின்று பஹ்மிதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எண்ட மகள்தான் உங்கட புள்ளைக்கு மொன்டசூரில படிப்பிக்கிற. தெரியாதா?"

பஹ்மிதாவுக்குத் தெரியாது.

"புள்ளட வாய் மணக்கிற கத எங்களுக்கு எப்பவோ தெரியும். தெரிஞ்சிதான் வந்த. சின்னப் புள்ளைகளுக்கு வாறதுதானே. ஆனா அந்தக் கொளுக்கியப் பாத்த பொறகு எனக்குச் சோறு எறங்காது கா. எண்ட றாத்தாக்கிட்ட நான் சொல்ல மாட்டன். நீங்க போய்க் கதவத் தொறங்க."

ஆட்டோ போனபின்பும் பஹ்மிதா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் பாங்கு சொன்னது. பிறகுதான் உள்ளே ஓடினாள்.

மின்ஹா தூங்கவில்லை. மா மூட்டையில் சாய்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாய் நனைந்திருந்தது. சட்டையும் நனைந்திருந்தது. மூத்திரம் வந்தபோதுகூட அவள் கூப்பிடவில்லை.

"ஆக்கள் போயிட்டாங்க மகள். கைய எடுங்க."

எடுக்கவில்லை. பஹ்மிதா விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். சின்ன விரல்கள், இரும்பாக இறுகியிருந்தன. றுஸ்னா வாசலில் நின்று அழுதாள்.

அன்றிலிருந்து மின்ஹா பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும் கை இறங்கும், விழுங்கியதும் மறுபடி ஏறும். சாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், சம்பந்தம் முறியவில்லை, பெருநாள் கழிய நாள் பார்க்கலாம் என்று செய்தி வந்தது. அதைக் கேட்டு அந்த வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. றவூப் போன் எடுத்தான்.

"மகள், வாப்பாக்குப் பல்லுக் காட்டுங்க."

பிள்ளை கையை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஹ்மிதா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"பூட்டி வெச்சயா? எண்ட புள்ளையவா?"

"நான் வேற என்ன செய்யிற?"

"எனக்கு ஒரு போன் எடுத்தா என்ன?"

"எடுத்தா? வந்திரிப்பீங்களா?"

பின்னால் மெசின் இரையும் சத்தம் கேட்டது.

"மழ பெஞ்சி வயல் சேறு. மெசின் புதைஞ்சி கிடக்கு. விட்டுட்டு வர ஏலா புள்ள."

"எனக்குத் தெரியும். நானும் அடுப்ப விட்டுட்டு வர ஏலாமத்தான் மூணு வருஷமா இரிக்கிறன்."

போனை வைத்துவிட்டுப் பஹ்மிதா கிணற்றுக் கட்டிலேயே உட்கார்ந்து மனம் விட்டு அழுதாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. பிள்ளையைப் பார்த்தால் இடியப்பம் இல்லை. இடியப்பத்தைப் பார்த்தால் பிள்ளை இல்லை. தங்கச்சியைப் பார்க்கப் போய்ப் பிள்ளையின் குரலே போய்விட்டது.

ஐந்தாம் நாள் காலை மின்ஹாவின் இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. இடியப்பத்தை றுஸ்னாவின் தலையில் போட்டுவிட்டு, பிள்ளையை அபாயாவுக்குள் அணைத்துக்கொண்டு பஹ்மிதா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுருக்கி ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பஹ்மிதா அதைப் பார்த்தாள். முதல் தடவையாக அவளுக்கு வெட்கத்துக்குப் பதிலாகக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் இருந்தது காரைதீவைச் சேர்ந்த டொக்டர் துஷாந்தினி. முப்பத்தைந்து வயதிருக்கும், அலுத்துப்போன முகம், மென்மையான குரல். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இரவில என்ன குடுக்கிறீங்க தங்கச்சி? பால் போத்தலா?"

"இல்ல டொக்டர். போத்தல் ரெண்டு வயசில விட்டிட்டா."

"சொக்லட், டொபி?"

"வீட்டுக்கே எடுக்கிறல்ல."

"பல்லுத் தீட்டிவிடுறீங்களா?"

"ரெண்டு நேரமும்."

"அப்ப இப்பிடி வராதே. படுக்கக்குள்ள ஒண்டும் வாயில வைக்கிறதில்லையா?"

"ஒண்டும் இல்ல." கொஞ்சம் நின்று, "ஓதின தேன் மட்டும்தான்" என்றாள் பஹ்மிதா. அதை அவள் எந்த நாளும் சாப்பாட்டோடு சேர்த்து நினைத்ததில்லை.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தாள். எத்தனை நாளாக, எத்தனை தரம், பிறகு தண்ணீர் கொடுப்பதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பஹ்மிதா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நான் ஓதினதப் பிழை சொல்லல்ல" என்றாள் டொக்டர், வார்த்தையைப் பார்த்துப் பார்த்து வைத்து. "எல்லாற்ற வாயிலயும் கிருமி இருக்கு. பகலில எச்சில் ஊறி ஊறிக் கழுவிக்கொண்டிருக்கும். நித்திரையில எச்சில் ஊறுறது குறைவு. அந்த நேரம் இனிப்புக் கிடந்தா கிருமி அதத் திண்டு பெருகும். அது விடுற புளிப்பிலதான் பல்லுக் கரையும். கரைஞ்ச பொந்துக்குள்ள சாப்பாடும் சீழும் கிடந்து மணக்கும். வயித்துக் கோளாறும் இல்ல, பரம்பரையும் இல்ல."

"லெப்பை ஏழு நாளைக்குத்தான் சொன்ன" என்றாள் பஹ்மிதா. "நான்தான் முடியவுடல்ல."

"இனி வேணாம். எழும்பினா தண்ணி குடுங்க."

"தண்ணிக்குப் படுக்க மாட்டா. அடுப்படிக்கு வந்திருவா. நெருப்பும் ஆவியும் டொக்டர்."

"கொஞ்ச நாளைக்கு அழட்டும்."

"அழுதா, இடியப்பம்?"

அதற்கு டொக்டரிடம் மருந்து இல்லை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"எத்தின பல்லு எண்டு பாப்பம். வாயத் திறங்க செல்லம்."

மின்ஹாவின் இரண்டு கையும் வாயில் ஏறின. டொக்டர் பொம்மை காட்டினாள், கண்ணாடி காட்டினாள், சின்ன லைட்டைக் கையில் கொடுக்கப் பார்த்தாள். கை இறங்கவில்லை.

"ஏன் இப்பிடிப் பொத்துறா? நோவா?"

"நான்தான் பழக்கின" என்றாள் பஹ்மிதா.

டொக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாயத் தொறங்க மகள்" என்றாள் பஹ்மிதா. "உம்மாதானே சொல்றன். தொறங்க."

மின்ஹா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏழு மாதமாக மூடு மூடு என்ற அதே வாய் திற என்கிறது. அதை எப்படி நம்புவது என்று பார்க்கிற பார்வை அது. பஹ்மிதா கெஞ்சினாள். பள்ளிவாசலில் பிச்சை கேட்கிறவள்போல் இரண்டு கையையும் ஏந்தினாள். பிள்ளையின் விரல்கள் இன்னும் இறுகின.

"தங்கச்சி, நீங்க ஏறிக் கதிரையில இருங்க" என்றாள் டொக்டர். "முதல்ல உங்கட வாயப் பாப்பம். அவ பாத்துக்கொண்டு நிக்கட்டும்."

"எனக்கு ஒண்டும் இல்ல டொக்டர்."

"இருங்க."

பஹ்மிதா ஏறிச் சாய்ந்தாள். தலைக்கு மேலே பெரிய வெளிச்சம். வாயைத் திறந்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"பின்னுக்கு ரெண்டு பல்லுப் பொந்து. நோகல்லையா?"

கராம்பு வைப்பேன் என்று சொல்லப் பார்த்தாள். கண்ணாடி வாய்க்குள் இருந்ததால் சொல் வரவில்லை.

"பிள்ளைக்கு ருசி பாத்து, ஊதி, ஒரே கரண்டியால தீத்துறது நீங்கதானே. இதில இருக்கிற கிருமியும் அங்க போயிருக்கும்."

அப்போது கதிரையின் படியில் ஒரு சின்னக் கால் ஏறியது. மின்ஹா எட்டி நின்று, வெளிச்சத்துக்குள் தலையை நீட்டி, உம்மாவின் வாய்க்குள் பார்த்தாள். மூக்கு உதட்டில் படுகிற அளவுக்குக் கிட்ட வந்துவிட்டாள். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாய். தன் மூச்சு பிள்ளையின் முகத்தில் அடிக்கக்கூடாதென்று பஹ்மிதா முகத்தை அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

ஒரு கை அவள் கன்னத்தில் பட்டது. திரும்பவிடாமல், இழுத்து நேரே வைத்தது.

"மணக்கிது" என்றாள் மின்ஹா.

ஐந்து நாளைக்குப் பிறகு வந்த சொல். பிள்ளை மூக்கைச் சுருக்கவில்லை. வைத்த முகத்தை எடுக்கவும் இல்லை. டொக்டரைத் திரும்பிப் பார்த்து, பெரிய செய்தி சொல்வதுபோல், "உம்மாக்கும் மணக்கிது" என்றாள். பிறகு மறுபடி குனிந்து உம்மாவின் முகத்துக்கு நேரே தன் வாயை அகலத் திறந்தாள்.

பத்து மாதத்து மணமும் ஒரேயடியாக வந்து அடித்தது. மேலே நாலு முன்பல் வேரளவுக்குக் கரைந்து கிடந்ததையும், இடது பக்கத்து ஈறு சீழ் கட்டிப் பழுத்திருந்ததையும் பஹ்மிதா அப்போதுதான் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். பிள்ளையின் கண்கள் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பஹ்மிதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூச்சை அடக்காமல், முகத்தை வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள்.